ஸ்கார்ப்பியோ-என் வண்டியிலேயே ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா, பழைய ஆல்டோ வாங்கணுமா?

பாமணிக்கரை (மன்னார்குடி):

மகளுக்கு 18 வயது முடிந்து எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்தாகிவிட்டது. வீட்டில் இருப்பது ஸ்கார்ப்பியோ-என், டீசல், மேனுவல் கியர், 175 குதிரைத்திறன் எஞ்சின். "பெரிய வண்டியில கத்துக்கிட்டா அப்புறம் எந்த வண்டியும் கைக்கு வந்துடும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் ஆல்டோதான் இருக்கிறது. அதில் கற்றுக்கொண்டு வந்து இதைத் தொட்டால் தடுமாறுவாளோ என்று யோசனை. பழைய ஆல்டோ ஒன்று வாங்கிப் போட்டுப் பழக விடலாமா என்றும் ஒரு எண்ணம்.

மகள் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். எங்கள் ஊருக்கு வருவது ஒத்தைச் சாலை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், டவுன் பஸ் வரும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எல்போர்டு (பயிற்சியாளர், தஞ்சாவூர்):

அக்கா, முதல் 15 மணி நேரம் சின்ன பெட்ரோல் வண்டி. அதற்குப் பிறகு உங்கள் வண்டி. இதுதான் என் பதில். ஆனால் குதிரைத்திறனைப் பார்த்துச் சொல்லவில்லை, காரணம் வேறு.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் சக்தி உள்ள காரை ஓட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 175 குதிரைத்திறன் என்றால் சுமார் 129 கிலோவாட். வண்டி எடை ஏறத்தாழ 2 டன். டன்னுக்கு 65 கூட வரவில்லை. ஆல்டோ 800-க்கு 48 குதிரைத்திறன், சுமார் 35 கிலோவாட், எடை முக்கால் டன், டன்னுக்கு 47. அந்த நாட்டுக் கணக்கில் இரண்டுமே சாது வண்டிதான். நம் நாட்டில் இப்படி வரம்பே கிடையாது. மொத்த எடை 7,500 கிலோ வரை எல்லாமே எல்எம்வி (இலகுரக வாகனம்), ஒரே லைசென்ஸ்.

ஆபத்து இருப்பது இழுவிசையிலும் (டார்க், எஞ்சின் சக்கரத்தைத் திருப்பும் வலு) எடையிலும் அகலத்திலும். ஆல்டோ 800-இன் இழுவிசை 69 நியூட்டன் மீட்டர். உங்கள் மேனுவல் வண்டிக்கு 370. ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே, கிளட்சை விட்டால் போதும், வண்டி தானாக நகரும். ஐடிலில் வேகம் குறைவதைப் பார்த்ததும் எஞ்சின் கம்ப்யூட்டரே டீசலைக் கூட்டிவிடும். பழகுபவருக்கு இது சுகமாக இருக்கும், இரண்டாம் நாளே "வந்துடுச்சு" என்று தோன்றும். உண்மையில் கிளட்சும் ஆக்ஸிலேட்டரும் ஒன்றை ஒன்று பிடித்துக் கொடுக்கும் வேலையைக் கால் கற்றுக்கொள்ளவே இல்லை. நாளைக்கு ஒரு பெட்ரோல் வண்டியைக் கொடுத்தால் சிக்னலுக்குச் சிக்னல் ஆஃப் ஆகும். சின்ன பெட்ரோல் வண்டி தப்பு செய்தால் உடனே குலுங்கிக் காட்டிக்கொடுக்கும். அதுதான் அதன் மதிப்பு.

அடுத்தது டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. நம் டெல்டாவில் மேடு என்றால் ஆற்றுப்பாலத்து ஏற்றம்தான். பல பாலங்கள் கரைச் சாலைக்குக் குறுக்கே இருக்கும்: ஏறு, குறுகலான பாலம், இறங்கியதும் எதிர்க்கரைச் சாலையில் சட்டென்று திருப்பம். பழகுபவர் இரண்டாவது கியரில், 1,200 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்று) ஏற்றத்துக்கு வருகிறார். மிதிக்கிறார், வண்டி அசட்டையாக இருக்கிறது. இன்னும் மிதிக்கிறார். 1,500-ஐத் தொட்டதும் டர்போ முழுசாகப் பிடித்து வண்டி பாய்கிறது. பாய்ந்த இடம் பாலத்து உச்சி. எதிரே வருவது தெரியாது, அந்தப் பக்கம் திருப்பம். மிதித்ததற்கும் பலன் கிடைப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு நொடியைக் கணக்கில் எடுக்கப் பழகாத கால் அங்கே ஏமாறும்.

எடை. காய்ந்த தார்ச்சாலையில் டயர் நன்றாக இருந்தால் 2 டன் வண்டியும் முக்கால் டன் வண்டியும் நிற்கும் தூரம் பெரிதாக மாறாது. மோதினால்தான் மாறும். 2 டன் வண்டி 40 கி.மீ. வேகத்தில் கொண்டுபோகும் ஆற்றலை ஆல்டோ கொண்டுபோக வேண்டுமானால் 65 கி.மீ. வேகத்தில் போக வேண்டும். முதல் வாரத்தில் இடிப்பது பெரும்பாலும் மதில், கேட், நின்றிருக்கும் டூவீலர். டூவீலர் மேல் ஆள் இருந்தால் இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியைப் பற்றி ஒன்று கவனியுங்கள். பயிற்சியாளர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். பல இடங்களில் பழகுபவர் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்திருக்க, கிளட்சைப் பக்கத்தில் இருப்பவரே பார்த்துக்கொள்வார். கடைசி மூன்று நாளாவது அவர் காலை மடக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மகள் தனியாக எத்தனை முறை ஆஃப் செய்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஸ்பேனர்14 (ஒர்க்‌ஷாப், திருவாரூர்):

மேலே சொன்னது ஓட்டுறவங்க பக்கம். வண்டி பக்கம் நான் சொல்றேன்.

2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி எல்லாத்துலயும் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு. அதுல சேர்ற கரியை வண்டியே சூடேத்தி எரிச்சுத் தள்ளும். அதுக்கு சைலன்சர்ல போற புகை 550, 600 டிகிரிக்கு வரணும். மைதானத்துல ஒண்ணாம் கியர்லயும் ரெண்டாம் கியர்லயும் தினம் ஒரு மணி நேரம் ஊர்ந்தா அந்தச் சூடு வராது. ரெண்டு மூணு வாரத்துல டேஷ்போர்டுல டிபிஎஃப் லைட் எரியும். அப்படி எரிஞ்சா லைசென்ஸ் உள்ளவங்க ஹைவேயில 60 கி.மீ. வேகத்துக்குக் குறையாம, 2,000 ஆர்பிஎம் பக்கம் வச்சு, 15, 20 நிமிஷம் நிறுத்தாம ஓட்டணும். லைட்டைப் பார்த்துக்கிட்டே இன்னும் பத்து நாள் மைதானத்துல சுத்தினா, வண்டி இழுவையைக் குறைச்சுடும். அப்புறம் ஸ்கேனர் போட்டுத்தான் எரிக்கணும்.

அடுத்தது கிளட்ச். பழகுறவங்க ஹாஃப் கிளட்ச்லயே (கிளட்சைப் பாதி மிதிச்சு) வண்டியைப் பிடிச்சு நிறுத்துவாங்க, பாலத்து ஏத்தத்துல சொல்லவே வேணாம். கருகின வாடை வந்தா உடனே நிறுத்தி, நியூட்ரல் போட்டு, கிளட்ச் மேல கால் படாம 15 நிமிஷமாவது ஆற விடணும். "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு"ன்னு போனா பிளேட் மேல கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிடும், அதுக்கப்புறம் பிடிக்காது. ஆல்டோவுல பிளேட் செட் மாத்துறது அரை நாள் வேலை, செலவும் தாங்கும். பெரிய டீசல்ல கியர்பாக்ஸ் இறக்கி ஏத்துற கூலியே அதிகம், செட் விலையும் கூட.

பழைய ஆல்டோ வாங்கினா பார்க்க வேண்டியது: டயர் பக்கவாட்டுல நாலு எண் இருக்கும். 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ஆறு வருஷம் தாண்டின டயர்ல பட்டன் இருந்தாலும் ரப்பர் விறைச்சுப்போயிருக்கும், மாத்திடுங்க. பிரேக் ஹோஸ்ல வெடிப்பு இருக்கான்னு வளைச்சுப் பார்க்கணும். பிரேக் ஆயில் கறுத்திருந்தா மாத்தணும். பிரேக் பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மெதுவா கீழே இறங்கினா மாஸ்டர் சிலிண்டர் போச்சுன்னு அர்த்தம். பவர் ஸ்டீயரிங் இல்லாத மாடல் வேண்டாம், அஞ்சடி பொண்ணுக்குக் கை வலிக்கும்.

வெட்டாறு (நாகப்பட்டினம்):

இரண்டு பேர் சொன்னதிலும் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஸ்கார்ப்பியோ-என் வாங்கியது 5 ஸ்டார். ஆல்டோ கே10 வாங்கியது 2. இந்தியாவில் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுப்பது) கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய மலிவான ஆல்டோவில் இரண்டுமே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். தப்பு செய்யப்போவது புதிதாக ஓட்டுபவர். அவரைப் பாதுகாப்புக் குறைந்த வண்டியில் உட்கார வைப்பது என்ன நியாயம்?

ஸ்கார்ப்பியோவில் ஜிப், ஜாப், ஜூம் என்று மோடு இருக்கிறது. ஜிப்பில் போட்டால் ஆக்ஸிலேட்டருக்குச் சாந்தமாகத்தான் பதில் சொல்லும். அதோடு கடைசியில் ஓட்டப்போவது இந்த வண்டியைத்தானே? ஆல்டோவின் அகலத்துக்குக் கண் பழகிவிட்டால் இதில் இடதுபக்கம் ஒரு முழம் தப்புக் கணக்கு வரும்.

எல்போர்டு:

வெட்டாறு சார் சொல்லும் என்கேப் கணக்கை மறுக்க முடியாது. அதனால்தான் ஆல்டோவை மைதானத்துக்கும் ஊர்த்தெருவுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், 40 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம். ஹைவே பழக்கம் முழுவதும் பெரிய வண்டியில். சின்ன வண்டியில் கால் பழகட்டும், பெரிய வண்டியில் கண் பழகட்டும். ஜிப் மோடும் நல்லதுதான், கட்டாயம் போடுங்கள். ஆனால் அது எடையையும் அகலத்தையும் குறைக்காது, கிளட்ச் சுகத்தையும் மாற்றாது.

15 மணி நேரம் எப்படிப் போக வேண்டும் என்றால்: முதல் இரண்டு மணி நேரம் ஆக்ஸிலேட்டரே கிடையாது. சமதரை, ஒண்ணாம் கியர், ஹாண்ட் பிரேக் விட்டாச்சு, கிளட்சை மட்டும் மெதுவாக விட வேண்டும். பானட் லேசாக எழும், எஞ்சின் சத்தம் கம்மும், வண்டி நகரும். அந்த இடத்தில் காலை அப்படியே இரண்டு நொடி நிறுத்திப் பிடித்துவிட்டு விட வேண்டும். இருபது தடவை ஆஃப் ஆகாமல் வந்தால்தான் ஆக்ஸிலேட்டர். அப்புறம் 1,500 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டு கிளம்புவது, இரண்டாம் கியர், நிறுத்துவது. ரிவர்சுக்கு மட்டும் முழுசாக மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் ஆக்ஸிலேட்டர் வேண்டாம், கிளட்சிலேயே வர வேண்டும்.

மேடு ஏறிக் கிளம்பும் பயிற்சிக்கு நம் பக்கம் இடமே கிடையாது. தஞ்சாவூர் தாண்டி வல்லம் போனால்தான் மேட்டு நிலம். அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத விடியற்காலையில், போக்குவரத்துக் குறைந்த வாய்க்கால் பாலம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி ஹாண்ட் பிரேக் போட வேண்டும். கிளட்ச் பிடிக்கும் இடத்துக்கு வந்து, பின்பக்கம் லேசாக அமுங்கியதும் ஹாண்ட் பிரேக்கை விட வேண்டும். பின்னால் ஒருவர் இறங்கி நின்று வேறு வண்டி வராமல் பார்த்துக்கொள்ளட்டும், ஆனால் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக்கூடாது.

பெரிய வண்டிக்கு மாறும் நாளில் முதல் வேலை சீட். மகள் ஐந்தடி ஒரு அங்குலம் என்றீர்கள். சீட் உயரத்தைக் கூட்டி, கிளட்சை அடிவரைக்கும் மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும்படி முன்னே இழுங்கள். நுனிக்காலில் கிளட்ச் மிதித்தால் பாதிதான் விலகும், கியர் கரகரக்கும். அதே சமயம் ஸ்டீயரிங் நடுவுக்கும் நெஞ்சுக்கும் 25 செ.மீ. இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிய இடம் இருக்கணும். இரண்டும் ஒன்றோடொன்று இடித்தால் சீட்டின் முதுகைக் கொஞ்சம் சாய்த்து, ஸ்டீயரிங்கைக் கீழிறக்கிப் பாருங்கள்.

அப்புறம் இடது சக்கரம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். இதற்குக் காய்ந்த தென்னை மட்டையைப் போல வேறு சாதனம் கிடையாது. இலையைக் கழித்த மட்டை நாலைந்தை மைதானத்தில் ஒரே கோட்டில் போடுங்கள். முன் இடது டயர் அதன் மேலேயே போக வேண்டும். ஏறினால் மடமடவென்று நொறுங்கும் சத்தம் உள்ளே கேட்கும், தவறினால் கேட்காது. தலையை வெளியே நீட்டிப் பார்க்காமல் ஐந்து தடவைக்கு நாலு தடவை சத்தம் வந்துவிட்டால் ஒத்தைச் சாலைக்குப் போகலாம். வெட்டாறு சார் சொன்ன ஒரு முழத் தப்பு இதில் இரண்டு நாளில் சரியாகிவிடும்.

பாலிசி (கும்பகோணம்):

சட்டப் பக்கம் சுருக்கமாக. எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட முடியும். முன்னும் பின்னும் எல் போர்டு: 18 செ.மீ. சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து. பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பின்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் அது கணக்கில் வராது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3ஆவது விதி இது. கார் பாலிசியில் "டிரைவர்" என்ற பத்தியைப் படித்துப் பாருங்கள். எல்எல்ஆர் உள்ளவர் ஓட்டலாம், இந்த 3ஆவது விதிப்படி இருந்தால் என்றுதான் எழுதியிருக்கும். தனியாக எடுத்துப் போய் மோதினால் கிளைம் சிக்கலாகும்.

இதைப் படிக்கும் வேறு பெற்றோர்களுக்கு: 18 ஆகாத பிள்ளைக்குச் சாவி கொடுத்து விபத்து நடந்தால் 199ஏ பிரிவில் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஊருக்குள்ளேதானே என்று நினைக்காதீர்கள்.

பாமணிக்கரை:

ரொம்ப நன்றி. ஸ்கூலில் ஆல்டோவில் சேர்த்துவிடுகிறேன், பழைய வண்டி வாங்கவில்லை. இரண்டே கேள்வி. பக்கத்தில் உட்காரும்போது நான் எதைப் பிடித்து நிறுத்துவது? எங்கள் சாலையில் எதிரே டவுன் பஸ் வந்தால் பெரிய வண்டியை எப்படி ஒதுக்கச் சொல்வது?

ஸ்பேனர்14:

ஹாண்ட் பிரேக்தான் அக்கா. நடுவுல லீவர் இருந்தா பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே படிப்படியா இழுங்க. வெடுக்குன்னு இழுத்தா பின்சக்கரம் ரெண்டும் லாக் ஆகி, ஈரத்துல வால் திரும்பிடும். அது பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், அதனால 30 கி.மீ. வேகத்துக்கு மேல அதை நம்ப வேண்டாம். கிளம்புறதுக்கு முன்னாடி மைதானத்துல, 20 கி.மீ. வேகத்துல நீங்களே இழுத்து நிறுத்திப் பழகிக்கணும். ஏபிஎஸ் பழக்கமும் அங்கேயே கொடுங்க: 30 கி.மீ.ல பிரேக்கை முழுசா மிதிக்கச் சொல்லுங்க. பெடல் காலுக்கு அடியில தடதடன்னு அதிரும். புதுசா ஓட்டுறவங்க பயந்து காலை எடுத்துடுவாங்க. அதிர்ந்தாலும் அழுத்திக்கிட்டே இருக்கணும்னு கால் தெரிஞ்சுக்கணும்.

எல்போர்டு:

பஸ் விஷயத்துக்கு அளவு பார்த்துவிடுவோம். ஒத்தைச் சாலையின் தார் அகலம் வழக்கமாக 3.75 மீட்டர். பஸ் சுமார் 2.5. உங்கள் வண்டி கண்ணாடி இல்லாமலே 1.92. கூட்டினால் 4.4, நடுவில் இடைவெளியே விடாவிட்டாலும் யாராவது 65 செ.மீ. மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். ஆல்டோ என்றால் 25 செ.மீ.தான். அதனால் ஓடிக்கொண்டே விலகும் ஆசையே வேண்டாம். பஸ் 200 மீட்டரில் தெரியும்போதே, வீட்டு வாசலோ மதகோ களத்துக்குப் பிரியும் பாதையோ, அகலமான இடம் பார்த்து நிறுத்திவிடச் சொல்லுங்கள். அந்த இடங்களை முன்கூட்டியே டூவீலரில் போய் எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் பக்கம் ஒதுங்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் களிமண் ஓரம் மேலே காய்ந்த மாதிரி தெரியும், 2 டன் ஏறினால் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

இடது சக்கரம் தாரை விட்டு இறங்கிவிட்டது என்று வையுங்கள். புதிதாக ஓட்டுபவர் பதறி ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிப்பார். டயர் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வந்து திடீரென்று ஏறும், வண்டி சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாயும். அப்படிச் செய்யாமல் ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, பிரேக்கை மெதுவாகத் தொட்டு 20 கி.மீ.க்கு இறக்க வேண்டும். விளிம்பு தாழ்வாக இருக்கும் இடம் வந்ததும் ஏறலாம். மைதானத்து ஓரத்தில் மண்ணும் சிமெண்டும் சேரும் இடம் இருந்தால் அங்கே பத்து தடவை பழகட்டும்.

தை, மாசி அறுவடை நேரத்தில் ஒத்தைச் சாலைப் பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். பாதிச் சாலையில் நெல் காயும், சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். நெல் மேல் டயர் ஏறினால் கோலிக்குண்டு மேல் நிற்பது போலத்தான். பிரேக்கும் பிடிக்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறிய இடத்தில் சேறு அப்பிக் கிடக்கும், அங்கேயும் இதே கதை. வைக்கோல் கிடக்கும் இடத்தில் உங்கள் வண்டியை நிறுத்தவே கூடாது. ஸ்பேனர் அண்ணன் சொன்ன டிபிஎஃப் சூடேறியிருக்கும் நேரமாக இருந்தால் அடியில் பற்றிக்கொள்ளும். தெரியாமல் வைக்கோல் மேல் ஓட்டி வந்துவிட்டால், வீட்டுக்கு வந்ததும் குனிந்து சைலன்சர் ஓரமும் பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டும் பாருங்கள். சுற்றிக்கொண்டிருந்தால் வண்டி ஆறிய பிறகு குச்சியால் எடுத்துவிடுங்கள், கையை விட வேண்டாம்.